அப்பா இல்லையென்று சொல்லச் சொன்னார்

மஞ்சக்குப்பத்து மாடி அறையில் எனக்கு எல்லாம் உண்டு.
இன்வெர்ட்டர் உண்டு, கம்பைலர் உண்டு,
சி மொழியில் எழுதி இறுக்கிக் கட்டிய
வேகமான மாட்யூல் உண்டு.
அதனால்தான் இங்கே எதுவும் உடைவதில்லை.

முதுநகர்த் துறைமுகத்தில், மீனவர் சங்கத்துக் கணினியில்
கம்பைலர் இல்லை.
போட்டுத் தர ஆளும் இல்லை.
யூஎஸ்பி துளைகளில் இரண்டை உப்புக்காற்று தின்றுவிட்டது.
அங்கே என் நிரல் முதலில் வேகமானதைத் தேடும்.
கிடைக்காவிட்டால்
வெறும் பெர்லில் எழுதிய மெதுவான பதிலியை எழுப்பும்.
எழுப்பும் என்றுதான் நான்கு வருடமாக
நம்பிக்கொண்டிருக்கிறேன்.

இருக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு
இல்லாமையைச் சோதிப்பது எப்படி?
மாட்யூலை அழித்துவிட்டுத் திரும்பப் போடலாம்.
சோம்பல்.
பொய் சொல்லலாம்.
தேடும் பாதையின் தலைமாட்டில்
சின்னதாய் ஒரு சப்ரூட்டினை நிறுத்திவைத்தேன்:
அந்தப் பேரைச் சொல்லி யார் வந்தாலும்
இல்லையென்று சொல்.

இருநூற்றுப் பதினான்கு டெஸ்ட். அத்தனையும் பச்சை.
டீ குடிக்க இறங்கினேன்.

கீழே சைக்கிள் கடை.
வாரத் தவணை வாங்க வந்தவரிடம்
கடைக்காரர் மகன் கண்ணைச் சிமிட்டாமல் சொன்னான்:
"அப்பா இல்லைன்னு சொல்லச் சொன்னாரு."
உள்ளே ஸ்பேனர் விழுந்தது.

சிரித்தேன்.
பாதி டீயில் சிரிப்பு நின்றது.
பதிலி என்றால் பதினொரு வினாடியாவது ஆகும்.
எனக்கு ஆனது ஒன்று.

மேலே ஓடிப் பார்த்தால்,
தேதி பார்க்கும் மாட்யூல் ஒன்று
என் பொய் வாசலுக்கு வருமுன்பே
வேகமானதைப் பின்கதவு வழியாய் அழைத்துவந்து
கூடத்தில் உட்காரவைத்திருக்கிறது.
ஏற்கெனவே உள்ளே வந்தவரை
பெர்ல் மறுபடி தேடுவதில்லை.
வாசலில் என் பொய் யாருமே கேட்காமல்
நின்றுகொண்டிருந்தது.

தூக்கி பிகின் தொகுதிக்குள் போட்டு
கோப்பின் உச்சந்தலையில் வைத்தேன்.

முப்பத்தேழாவதில் சிவப்பு.

பதிலி எழுந்தது, குறை சொல்லக் கூடாது.
கூட்டியது, கழித்தது, கமிஷன் போட்டது.
ரசீதில் மீன் பெயருக்குப் பதினாறு இடம்;
அங்கே மட்டும்
எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணியது.
தமிழுக்கு ஒரு காலே மூன்று பைட்.
கொடுவாவின் கடைசிக் காலில் கத்தி விழுந்து
ஒரு சில் இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம்.
சங்கராவின் கால் போய்
யாரோ ஒரு சங்கர எடை போட்டு நின்றார்.
வஞ்சிரம் வஞ்சியானது.
பாரை மட்டும் சின்னப் பேராய் இருந்து பிழைத்தது.

வேதநாயகிக்குப் போன் போட்டேன், சங்கத்துக் கணக்கர்.
பின்னால் ஏலக்குரல், ஐஸ் உடைபடும் ஓசை.
"அதுவா? எப்பவும் அப்படித்தான சார் வரும்.
நான் பேனாவுல கால் போட்டுருவேன்."
எவ்வளவு நாளா?
"கம்ப்யூட்டர் வந்ததுலேர்ந்து."
ஒரு நாளைக்கு எத்தனை?
"நூறு, நூத்தம்பது. வஞ்சிரம் சீசன்ல கை வலிக்கும்."
பச்சை மையா என்று கேட்டேன், ஏனென்று தெரியவில்லை.
"நீலம் சார். பச்சை தலைவருக்கு."

நிரலில் அந்த வரிக்கு மேலே
இங்கே நான்கு வருடம் வேதநாயகி
என்று ஒரு குறிப்பு எழுதினேன்.
அழித்தேன்.
திரும்ப எழுதினேன், அப்படியே விட்டேன்.

பைட்டை எழுத்தாக்கி, பொய்யை அதன் இடத்தில் வைத்து
மறுபடி ஓட்டினேன்.
திரை அசையவில்லை. நான்கு, ஐந்து, ஆறு.
ஜன்னல் வழியே பார்த்தால்
தவணைக்காரர் இன்னும் போகவில்லை,
வண்டியில் சாய்ந்து கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.
ஒன்பது.
உள்ளே ஒருவர் எவ்வளவு நேரம்
இருமாமல் இருக்க முடியும் என்று
அவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.